பழைய டிஸ்க்கில் இருந்தவர்கள்

7.5.2007, திங்கள்
காலையிலிருந்து கொம்பியூட்டர் மூன்று தரம் உறைந்துவிட்டது. ஆமியின் பிரயாணப் பாஸுக்குப் படம் பிடிக்க ஸ்ரூடியோவில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். கோபத்தில் மௌசை மேசையில் அடித்தேன். அதற்கென்ன தெரியும், பாவம். கொம்பியூட்டர் திருத்துகிற முனாபைக் கூப்பிட்டேன். பெட்டியில் காதை வைத்துக் கேட்டான்.

"டிஸ்க் தட்டுது அண்ணே. இன்னொரு மாசம் ஓடினாப் பெரிய விசயம். புதுசு ஒன்டு பாருங்க."

11.5
கொழும்பிலிருந்து பாவித்த பெட்டி ஒன்று வந்தது. முனாப் தன் கடையில் வைத்து விண்டோஸ் போட்டுவிட்டான். இனி என் பழைய பெட்டியை அங்கே கொண்டுபோய், உள்ளதை எல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும். இடையில் ஆமியின் இரண்டு சென்றி, சோதித்துத்தான் விடுவார்கள்.

13.5, ஞாயிறு
கடை பூட்டு. எதைக் கொண்டுபோவது என்று பிரிக்க உட்கார்ந்தேன். கலியாணங்கள், சாமத்தியச் சடங்குகள், கோயில் தேர் — எல்லாம் சரி. பிறகு 'சம்பூர்'. நானூற்றுப் பன்னிரண்டு படம். சமாதான காலத்தில் மாதம் ஒருநாள் கமராவும் திரைச்சீலையுமாக லோஞ்சுப் படகில் அங்கே போய், பள்ளிக்கூடச் சுவரில் திரையைக் கட்டி, அடையாள அட்டைக்குப் பிடித்தவை. அரைவாசி இளம் பெடியன்கள். அதில் யார் பிறகு இயக்கத்துக்குப் போனான் என்று எனக்கு எப்படித் தெரியும்? சென்றியில் கேட்டால் என்ன சொல்வேன்? யாரோ ஒரு கடைக்காரரை ஒரு படத்துக்காக விசாரித்தார்களாம். யார், எந்தக் கடை என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஊரெல்லாம் அதே கதை.

மனைவி பத்மாசனி தேத்தண்ணி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "எங்களுக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கு" என்றாள்.

அழித்துவிட்டேன்.

14.5
இரண்டு சென்றியிலும் பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே இருந்த தூசியைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஒருவரும் எதையும் போட்டுப் பார்க்கவில்லை.

முனாபுக்கு ஞாபகம் நல்லது. "சம்பூர் என்டு ஒன்டு இருந்திச்சே அண்ணே?" என்றான். வேண்டாம் என்றேன். மற்றதெல்லாம் மாற்றிய பிறகு, பழைய டிஸ்க்கைத் துடைத்துவிட்டு நீயே வைத்துக்கொள் என்றேன். சோதனை வேலைகளுக்கு உதவும் என்று சந்தோசப்பட்டான்.

20.5
புதுப் பெட்டி நல்ல வேகம். நானும் இந்தக் கிழமை நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

19.6, செவ்வாய்
பதினொரு மணிபோல ஒரு அம்மா வந்தா. பெயர் நல்லம்மா. சம்பூர். இப்போது கட்டைபறிச்சான் அகதி முகாமில். லோஞ்சில் வந்து, பாஸ் காட்டி, வெயிலில் நடந்து வந்திருக்கிறா.

"தம்பி, நீங்கள்தானே எங்கட பள்ளிக்கூடத்தில வந்து படம் பிடிச்சனீங்கள்?"

ஓம் என்றேன்.

மகன் குலசிங்கம். இடம்பெயர்ந்து ஓடிய நேரத்தில் பிரிந்தவன், பத்து மாதமாகத் தகவல் இல்லை. காணாமல் போனவர் என்று முறைப்பாடு கொடுக்கப் படம் கேட்கிறார்களாம். வீட்டில் இருந்தது வீட்டோடு போய்விட்டது. அங்கே இப்போது ஆமி, இனிப் போக ஏலாது.

"உங்கட கொம்பியூட்டரில கிடக்கும் எண்டு வந்தனான். அது அழியாதாமே."

தேடிப் பார்க்கிறேன், அடுத்த செவ்வாய் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தேட என்ன இருக்கிறது, சோமசேகரம்? நீதானே அழித்தாய்.

24.6, ஞாயிறு
முனாபின் கடையில் முழுநாளும். அழிந்ததை மீட்கிற புரோகிராம் ஒன்று வைத்திருக்கிறான். ஆனால் இந்த ஒரு மாதத்தில் அந்த டிஸ்க்கில் எத்தனையோ தரம் எதையெதையோ ஏற்றி இறக்கிவிட்டான். அவனில் என்ன பிழை.

பதினேழு படம் வந்தது. படம் என்று சொல்லக்கூடாது. மேலே ஒரு துண்டுதான் — திரை, தலைமயிர், கொஞ்சம் நெற்றி. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பதினேழும் அப்படியே. பதினேழிலும் பின்னால் நீலத் திரை.

குலசிங்கம் என்னிடம் வந்தது சுனாமிக்குப் பிறகு. அடையாள அட்டையைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று சொன்னது நல்ல ஞாபகம். என் நீலத் திரையும் அந்தத் தண்ணீரில்தான் பழுதானது. அதன் பிறகு பிடித்ததெல்லாம் வெள்ளையில். ஆகவே இந்தப் பதினேழில் அவன் இல்லை.

முனாப் பதினேழையும் ஒரு சீடியில் போட்டு, எனக்கு ஒரு பிளேன்டீயும் எடுத்துத் தந்தான்.

26.6, செவ்வாய்
பத்தரைக்கே வந்துவிட்டா. கதிரையில் இருத்தி, உள்ளதைச் சொன்னேன். பயத்தில் நான்தான் அழித்தேன் அம்மா என்றேன். ஏசுவா என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாருக்கும் பயம்தானே தம்பி" என்றா. பிறகு, "மிஞ்சினது ஏதும் இல்லையோ?"

காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன். ஒவ்வொன்றாகக் கொம்பியூட்டர்த் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தா. ஒன்பதாவதில் விரலை வைத்தா.

"இவன்தான். நான்தான் எண்ணெய் வச்சு இழுத்து விட்டனான். அப்பிடியும் முன்மயிர் எழும்பி நிக்குது, பாருங்கோ."

நீலத் திரை. அவன் இல்லை, அம்மா. நெஞ்சுக்குள் சொன்னேன், வாயால் சொல்லவில்லை. இது பயமா, இரக்கமா என்று எனக்கே விளங்கவில்லை.

"கண் மட்டுக்கும் கொண்டர ஏலாதோ?"

"ஏலாது அம்மா."

"பரவாயில்லை. இதைத் தாங்கோ."

அந்தச் சாம்பலை வெட்டிவிட்டு, நெற்றி மட்டுமாக ஆறு பிரதி அடித்துக் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தா. மற்ற ஐந்தையும் முகாம் அட்டையோடு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஜெற்றிப் பக்கம் நடந்தா.

அது எந்தத் தாயின் பிள்ளையோ. அந்தத் தாய் வந்து கேட்டால் கொடுக்க, அந்தத் துண்டைப் புதுப் பெட்டியில் ஏற்றி வைத்திருக்கிறேன்.