உன் சினைப்பையின் கடைசித் துண்டு

என் பிரியத்துக்குரிய சரசு அக்கா,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இதை நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதலாமா என்று அத்தானிடம் கேட்டேன். "எழுது. அவ எதை மறைச்சு வெச்சா?" என்றார்.

செனாவாங் தொழிற்சாலையில் நீ மாலை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கழுத்தில் அந்தக் கட்டி வந்தது. கல்யாணமாகி எட்டு மாதம். நிணநீர்ப் புற்று என்றார்கள். சிகிச்சை மருந்தில் சினைப்பை கெட்டுப்போகலாம், அதற்குமுன் ஒரு பகுதியை வெட்டியெடுத்து உறையவைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கருமுட்டைகளை ஆய்வகத்தில் வளர்ப்பதுதானே என் படிப்பு.

"அதுல என்னடி இருக்கு?"

"தூங்குற முட்டைங்கக்கா. ஒவ்வொண்ணையும் சுத்தி கொஞ்சம் செல்லுங்க. எல்லாம் சேர்ந்து ஒரு குட்டி உருண்டை. ஃபோலிக்கிள்னு சொல்லுவோம்."

"தூங்கட்டும்லா. நான் பொழைச்சு வந்து எழுப்பிக்கிறேன்."

நீ இறந்துபோனால் அதை என்ன செய்வது என்றும் படிவத்தில் கேட்டிருந்தார்கள். அத்தான் சுவரைப் பார்த்தார். ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், ஆனால் கருவாக்கக் கூடாது என்ற கட்டத்தில் நீ குறியிட்டாய்.

போர்ட்டிக்சன் கடலில் உன் சாம்பலைக் கரைத்து மூன்று மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து அத்தானுக்கு அதைப்பற்றி அழைப்பு வந்தது. அது அம்மா காதிலும் விழுந்துவிட்டது. "எல்லாத்தையும் கரைச்சுட்டோம்னு இருந்தேன். எம்புள்ளயில ஒரு துண்டு இன்னும் குளிர்ல கெடக்கா? கொண்டாங்க, அதையும் கரைச்சுடுவோம்."

உன் கையெழுத்தைக் காட்டினேன். "நீதான் சொல்லிக்குடுத்து போட வெச்சிருக்க" என்றாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அக்கா, அது உண்மையா? நான் பக்கத்தில் இல்லாதிருந்தால் வேறு கட்டத்தில் குறியிட்டிருப்பாயா?

உன் துண்டுகள் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தன. இந்த வேலையிலிருந்து நீ விலகிக்கொள்கிறாயா என்று பேராசிரியை கேட்டார். ஆமாம் என்றேன். என்னோடு படிக்கும் ஃபரிடா அந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

உடம்புக்குள் முட்டையும் சுற்றியுள்ள செல்களும் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பியபடியே வளரும். எந்த வளர்ச்சிக் காரணி எப்போது சுரக்க வேண்டும் என்பது உடம்புக்குத் தெரியும். கண்ணாடித் தட்டில் நாங்கள்தான் அதைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் வெளிச் செல்கள் பெருகிவிடும். உள்ளே முட்டை சிறுத்தே நிற்கும். இரண்டுக்கும் தொடர்பு அறுந்தால் முட்டை செத்துவிடும்.

ஃபரிடா சில தட்டுகளில் முதல் நாளிலிருந்தே காரணியைச் சேர்த்தாள். சிலவற்றில் உருண்டை தானாகக் கொஞ்சம் வளரும்வரை காத்திருந்தாள். முதல் வகை சீக்கிரம் உப்பி, கறுத்துப்போனது. அடுத்த வகையிலும் பெரும்பாலானவை தங்கவில்லை.

ஒருநாள் காலை என் மேசைக்கு வந்து, "நாக் தெங்கோக்?" என்றாள். பார்க்கிறாயா என்று மலாயில் கேட்கிறாள். போனேன். நுண்ணோக்கியில் ஒரே ஓர் உருண்டை. நடுவில் தெளிந்த நீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. முதிரும் ஃபோலிக்கிளில்தான் அப்படித் தேங்கும். ஓரமாக முட்டை, வட்டமாக. அது நீ இல்லை, உன் பிள்ளையும் இல்லை. தெரியும். ஆனாலும் "அக்கா" என்று வாய்க்குள் வந்துவிட்டது. ஃபரிடா கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டாள்.

நாலு நாளில் அதுவும் சுருங்கியது. உன்னுடையதில் மிச்சம் எதுவுமில்லை. காத்திருந்து கொடுத்த தட்டுகள் கூடுதல் நாள் தாங்கின என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒருத்தியுடையதை வைத்து முடிவு சொல்ல முடியாது. இன்னும் பலமுறை செய்து பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வருடக்கணக்கில் பால்மரம் வெட்டிய அந்தக் கைகள் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தன.

"அதுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. அதுக்கு வலி தெரியாது."

"அவளுக்கு வலிச்சுச்சு."

அழுதோம். பிறகு கேட்டேன்: "நானாம்மா போட வெச்சேன்?"

"அவளை யாரு என்ன செய்ய வெக்க முடியும்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

போன மாதம் பின்வீட்டு லெட்சுமி அக்காவின் மகள் கவிதாவுக்கு உன் நோயே வந்திருக்கிறது. பத்தொன்பது வயது. சிகிச்சைக்கு முன்பே ஒரு வெட்டா என்று தாய் பயந்து நின்றாள். நான் வாய் திறக்கவில்லை. அம்மாதான் போனாள்.

"பிள்ளை கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், லெட்சுமி. ஆனா கெட்டுப்போறதுக்கு முன்னால கொஞ்சம் எடுத்து வெச்சுக்கலாம்ல. எம்மவ சரசு குடுத்தத வெச்சும்தான் இவங்க படிச்சிருக்காங்க."

நீ போனபிறகு வெளியாரிடம் அம்மா உன் பெயரைச் சொன்னது அன்றுதான். கவிதாவுக்கு எடுத்துவைத்தாயிற்று. மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

அக்கா, உனக்கு ஒரு வாக்கு. செத்துப்போன தட்டுகளை ஒன்றுவிடாமல் என் ஆய்வேட்டில் எழுதுவேன். நடக்கும் என்று தெரியாததை எந்தப் பெண்ணிடமும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளும் வேலையையும் விட மாட்டேன்.

உனக்குப் பின் அதே வயிற்றில் பிறந்த
உன் தங்கச்சி,
மாலா