மீட்டர் உன் பெயரில்

கிட்வே,
ஜூன் 3

கசோண்டேயின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் மகளும் பேரனும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வழக்கமான ஜூன் குளிர் தொடங்கிவிட்டது. காலையில் கரி அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் விரல் மடங்குகிறது.

இந்தக் கடிதத்தை ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவது கோபமாக இருந்தது. இரண்டாவது கெஞ்சலாக இருந்தது. இது எப்படி இருக்கப்போகிறதோ தெரியவில்லை.

விஷயம் மின்சாரம். மார்க்கெட் முனையில், முன்பணம் வாங்கிக்கொண்டு மீட்டரில் அழுத்தும் மின்சார எண்ணை விற்ற கடையை மூடிவிட்டார்கள். இனி எல்லாம் இணையத்தில்தானாம். சரி என்று நானும் கற்றுக்கொண்டேன். முதலில் மீட்டர் எண், பிறகு தொகை, பிறகு என் ரகசிய எண். கடைசியில், 'உறுதியாகத்தானா?' என்று கேட்கிறது. என்னைப் போன்றவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? எழுந்து போய் மீட்டர் எண்ணை மறுபடி சரிபார்த்துவிட்டு வந்து, ஆமாம் என்று அழுத்தினேன். பணம் போய்விட்டது. பிறகு திரையில் வருகிறது: 'உங்கள் இருபது இலக்க எண், பதிவு செய்த தொலைபேசிக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

பதிவு செய்த தொலைபேசி உன்னுடையது. புது மீட்டர் வைக்க வந்த அன்று நான் பல் பிடுங்கப் போயிருந்தேன், நினைவிருக்கிறதா? நீ உன் பெயரையும் உன் எண்ணையும் கொடுத்துவிட்டாய். வீடு என் பெயரில், மீட்டர் உன் பெயரில். நான் இங்கே பணம் கட்டினால் வெளிச்சம் லுசாகாவுக்குப் போகிறது. நீ மனது வைத்து அந்த எண்ணை அனுப்பினால்தான் நான் அதை மீட்டரில் அழுத்தி விளக்கேற்ற முடியும்.

போன வாரம் நீ மனது வைக்க மூன்று நாள் ஆயிற்று. குளிர்பெட்டியில் வைத்திருந்த மீனெல்லாம் இளகிப்போய், என் தங்கை ஃபெலிஸ்டஸ் உட்கார்ந்து மொத்தத்தையும் பொரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. இனி எண் வந்த அன்றே அனுப்பிவிட்டால் உதவியாக இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். போனை கசோண்டே எடுக்கிறாள். மகளிடம் இதையெல்லாம் பேச எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கசோண்டேயின் அப்பா


லுசாகா,
ஜூன் 12

கசோண்டேயின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மடிப்புக் கலையாமல் இருந்தது. கோபத்தைக்கூட இஸ்திரி போட்டு அனுப்புகிறவர் நீங்கள்.

பேரனுக்கு இருமல். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. உங்கள் எண் வந்தபோது நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். இதையும் கேட்டிருக்கலாம். மீன் இளகியதைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லி வந்தேன். அந்தப் பிள்ளை இப்போது கோழியைத் துரத்துகிறான். ஏன் இன்னும் திரும்பவில்லை என்று இத்தனை நாளில் ஒரு வரி எழுதினீர்களா? நானே சொல்கிறேன்.

நான் புறப்படும் முன், தேவாலயப் பெண்கள் நம் வீட்டில் கூடிய அன்று, உங்கள் தங்கை அத்தனை பேர் நடுவில் என்ன சொன்னார்? "ஒத்தப் புள்ளயோட நின்னுபோனவளுக்கு எங்கண்ணன் வீட்டுல என்னடி அதிகாரம்? அடுப்பு எங்கிட்ட இருக்கட்டும், நீ போயி ஒரு ஓரமா உக்காரு." நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். கையில் டீக் கோப்பை. எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தோம். கோப்பையைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்தீர்கள். "மீட்டரப் பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போனீர்கள்.

முப்பத்தெட்டு வருஷமாக, வீட்டில் யார் குரல் உயர்ந்தாலும் உங்களுக்கு மீட்டர் ஞாபகம் வந்துவிடும். அதனால்தான் அது என் பெயரில் இருப்பது நல்லதென்று நினைக்கிறேன்.

எண்ணை இனி முடிந்தபோது அனுப்புகிறேன்.

எனெலஸ்


கிட்வே,
ஜூலை 6

எனெலஸுக்கு,

இந்தக் கடிதத்தை நான் கிழிக்கப்போவதில்லை.

என் அண்ணன் பேட்சனை அடக்கம் செய்து ஐந்து நாள் ஆகிறது. மனைவி இல்லாதவர், ஒற்றை அறையில் இருந்தவர். அதனால் துக்கத்தை நம் வீட்டில்தான் வைத்தோம். முற்றத்தில் கட்டை போட்டுத் தீ மூட்டி ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளே பாய் விரித்தார்கள். அத்தனை பேருக்கும் களி கிண்ட வேண்டும், தண்ணீர் சுட வைக்க வேண்டும். இருந்த மின்சாரம் மாலைக்குள் தீரும் நிலைக்கு வந்துவிட்டது.

உடனே பணம் கட்டினேன். ஒவ்வொரு படியும் சரியாகச் செய்தேன். உனக்கு மூன்று செய்தி அனுப்பினேன். 'எண் அனுப்பு. எண் அனுப்பு. எண் அனுப்பு.' நீ அனுப்பவில்லை.

பெண்கள் பாடிக்கொண்டிருந்தபோதே விளக்கு அணைந்தது. பாட்டும் நின்றது. பெரியவர் ஒருவர் தீயின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்: "ஏம்ப்பா லாசரஸ், சுரங்க ஆபீஸ்ல வரைபடம் போட்ட ஆளு நீ. அண்ணன் சாவுக்கு ஒரு பல்பு எரிய வைக்க முடியலயா?" உள்ளேயிருந்து ஃபெலிஸ்டஸ் சொன்னாள்: "அவரு என்ன பண்ணுவாரு, சுவிட்சு அண்ணி கையில இருக்கு! லுசாகாவுல உக்காந்து அமுக்குறாங்க!" சிரித்தார்கள், எனெலஸ். துக்க வீட்டில், என்னைப் பார்த்து. மெழுகுவத்தி வாங்க நான் எழுந்து போனேன். முதுகுக்குப் பின்னால் இன்னும் சிரிப்பு கேட்டது.

உன் எண் எல்லோரும் கலைந்து போன பிறகு வந்தது. யாருக்கு வேண்டும் அது?

வரவும் இல்லை நீ. கணவனின் அண்ணன் சாவுக்கு வராத பெண் என்று தெருவே பேசுகிறது. செய்தி தெரிந்தும் எப்படி உன்னால் அங்கே உட்கார முடிந்தது?

நேற்று மின்சார ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சொன்னாள்: "மீட்டர் யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் நேர்ல வரணும் தாத்தா."

"அவ லுசாகாவுல இருக்கா."

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நன்றிம்மா" என்றேன். அதையும் இப்போது நினைத்தால் எரிகிறது.

வா. வந்து அந்தப் பெயரை மாற்றிக் கொடு. அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் இரு.

லாசரஸ் சிலுஃப்யா


லுசாகா,
ஜூலை 11

கசோண்டேயின் அப்பாவுக்கு,

பேட்சன் அண்ணன் போய்விட்டாரா?

உங்கள் கடிதத்தை டிரைவர் வாசலில் கொடுத்தார். நின்றபடியே பிரித்தேன். எனக்கு அவர் இறந்தது அந்த வாசலில்தான், உங்கள் இரண்டாவது பத்தியில்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. கசோண்டேக்கும் சொல்லவில்லை. அவள் இப்போது சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுகிறாள். துக்கத்தை ஏற்று நடத்துகிறவர் தன் வாயால் செய்தி சொல்லக் கூடாது, வேறொருவர்தான் கொண்டுபோக வேண்டும். வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் அதை யாரிடம் ஒப்படைத்தீர்கள்? ஃபெலிஸ்டஸிடம்! எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். நான் வரக் கூடாது என்று அந்த ஊரிலேயே அதிகம் ஆசைப்படுகிற ஒருவரைத் தேடி ஒப்படைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய மூன்று செய்தியிலும் சேர்த்து ஆறு சொல். அதில் அண்ணன் இல்லை, சாவு இல்லை, நானும் இல்லை. சாவைச் சொல்லத்தான் வழக்கம் தடுத்தது. 'எனெலஸ், உடனே புறப்பட்டு வா' என்று எழுத எது தடுத்தது?

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். எண் அன்றே வந்தது. பார்த்தேன். 'எண் அனுப்பு' என்று கடைக்காரியிடம் கேட்பது போலக் கேட்டிருந்தீர்கள். உங்கள் தங்கை ஒரு ராத்திரி இருட்டில் கிடக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு ராத்திரி, பிறகு இன்னொன்று. துக்க வீட்டை இருட்டாக்கினேன் என்று இப்போது தெரிகிறது. அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?

கசோண்டே பிறக்க எனக்கு வலி எடுத்த அன்று, மழையில், சைக்கிளில் என்னை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனவர் பேட்சன் அண்ணன். "கீழ பாக்காத தங்கச்சி, சேறு. என்னயப் பாத்துக்கிட்டே வா" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவருக்காக நான் அழ வேண்டிய பாயில் யாரோ உட்கார்ந்து என்னைப் பற்றிச் சிரித்திருக்கிறார்கள். நீங்கள் மெழுகுவத்தி வாங்கப் போயிருக்கிறீர்கள்.

பெயர் மாற்ற வர மாட்டேன். மீட்டர் வைத்த அன்று வெயிலில் நின்றவள் நான்.

எனெலஸ்


கிட்வே,
ஜூலை 19

கசோண்டேயின் அம்மாவுக்கு,

பகலிலேயே எழுதி முடித்துவிட வேண்டும். மின்சாரம் நேற்றோடு தீர்ந்துவிட்டது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஃபெலிஸ்டஸிடம் போனேன். கொல்லையில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணிக்குச் சாவுச் செய்தி சொன்னியா?"

"யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

"உங்கிட்டதான சொன்னேன்."

"அப்ப கூட்டத்துல எது ஞாபகம் இருந்துச்சு? வந்திருந்தா மட்டும் என்ன, ஒரு மூலையில உக்காந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பா." பிறகு கடலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "எதுக்கண்ணே இப்ப சத்தம்? போ, போயி உன் மீட்டரப் பாரு."

நான் போகவில்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்றும் அந்த வரிசையில் வரவில்லை. "இது எனெலஸ் வீடு" என்றேன். "அவ பேர்ல எரியுற விளக்குக்குக் கீழ உக்காந்துதான் இத்தன நாளும் அவளத் திட்டின. அண்ணன் சாவ மறைச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசியா?" பக்கத்து வீட்டு வேலிக்கு மேல் இரண்டு தலை தெரிந்தது. தெரியட்டும் என்று இன்னும் கத்தினேன். கடலைத் தட்டை உதைத்துவிட்டேன் போலிருக்கிறது. பிறகு நான்தான் குனிந்து பொறுக்கினேன்.

அவள் அழுதாள். முஃபுலிராவில் இருக்கும் மகனிடம் போகிறேன் என்றாள். "இரு" என்று நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றாள். நான் சொல்லவில்லை. சனிக்கிழமை போய்விட்டாள். நம் பெரிய களிப் பானையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதைத் தடுக்க எனக்குத் தைரியம் மிச்சம் இல்லை.

செய்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. தங்கையை வீட்டை விட்டு அனுப்பியவன் என்று சொல்வார்கள்.

ஆனால் ஒன்று. உன் மேல் இருக்கும் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. என் அண்ணன் துக்கம் இருட்டில் நடந்தது. நீ போனைக் கவிழ்த்து வைத்ததை நான் மறக்கப்போவதில்லை. நான் எழுந்து போனதை நீயும் மறக்க வேண்டாம். இரண்டும் இருக்கட்டும்.

இன்று காலை மறுபடி பணம் கட்டினேன். எண் உன் போனில் இருக்கும். அனுப்பு என்று இந்த முறை கேட்க மாட்டேன். இன்னொன்றைக் கேட்க வேண்டும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்குள் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது.

பேரனின் இருமல் எப்படி இருக்கிறது?

கசோண்டேயின் அப்பா


லுசாகா,
ஜூலை 23

கசோண்டேயின் அப்பாவுக்கு,

இருமல் போய்விட்டது. கேட்க ஆறு வாரம் ஆகியிருக்கிறது உங்களுக்கு.

தட்டை உதைத்ததைக் கசோண்டேயிடம் சொன்னேன். "அப்பாவா? எங்கப்பாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நம்பவில்லை. பொறுக்கியதைச் சொன்ன பிறகுதான் நம்பினாள்.

அந்தப் பானை என் அம்மா கொடுத்தது. முஃபுலிராவுக்குப் போய் நானே வாங்கிக்கொள்வேன். அந்தச் சண்டையை எனக்கு விட்டுவிடுங்கள்.

நீங்கள் கட்டிய எண் இதோ:

5821  0637  4490  1728

இதில் பதினாறுதான் இருக்கிறது என்று இதற்குள் எண்ணிப் பார்த்திருப்பீர்கள். மீட்டருக்குப் போய் அழுத்தியும் பார்த்திருப்பீர்கள். கடைசி நான்கை நான் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுகிறேன். ஸ்டாண்டுக்கு வாருங்கள். முதலில் பேட்சன் அண்ணனின் கல்லறைக்குப் போக வேண்டும். அங்கே எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அப்போது என்னிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். பிறகு வீட்டுக்குப் போவோம். எழுதாமல் விட்டதை நீங்கள் வாயால் கேட்க வேண்டும். எனக்கும் கேட்க நிறைய இருக்கிறது, எதுவும் மெதுவாகக் கேட்கக்கூடியது இல்லை. மீட்டர் செத்துக் கிடக்கும். எழுந்து போய்ப் பார்க்க அதில் ஒன்றும் இருக்காது.

எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு மீதி நான்கையும் சொல்கிறேன்.

எனெலஸ்