மடித்து வைத்த கடற்பாசி

1997 ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். குளிர்காலக் கோட்டுக்கான கறுப்புத் துணியை நாற்பது அடுக்கு விரித்து வெட்டினேன். கடைசி வளைவில் கை கொஞ்சம் விலகிவிட்டது. தையல்காரப் பெண்கள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்கள். கிழவனுக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மதியம் தபால்காரர் நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கொரியாவில் பூசானிலிருந்து என் மனைவி மால்ஜாவின் தங்கை அனுப்பியது. உள்ளே காய்ந்த கடற்பாசி. நிறுத்திவைத்தால் என் நெஞ்சு உயரம் வரும். வைக்கோல் கயிற்றால் கட்டியிருந்தது. கூடவே ஒரு கடிதம்: "அத்தான், ஆகஸ்டில் பிரசவம் என்று உன்சில் எழுதியிருந்தாள். அக்கா இருந்தால் பிள்ளை பெற்றவளுக்கு அவளே பாசி சூப் வைத்துக் கொடுத்திருப்பாள். இனி நீங்கள்தான் வைக்க வேண்டும்."

என் மகள் பிள்ளைத்தாய்ச்சி என்பது பூசானில் இருப்பவளுக்குத் தெரிகிறது. இதே சாவ் பாவ்லோவில், மெட்ரோவில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் எனக்குத் தெரியவில்லை.

யாரைக் குறை சொல்ல?

ஜூலை 15

எழுதித்தான் வைப்போமே. வேறு யாரிடம் சொல்வது?

உன்சில் மூன்று வருடத்துக்கு முன் வால்தீரைக் கட்டிக்கொண்டாள். கொரியன் இல்லை, இந்த ஊர்க்காரன், பஸ் மெக்கானிக். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. மால்ஜா மட்டும் சனிக்கிழமைதோறும் "சந்தைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போவாள். கிம்ச்சி டப்பாவைத் தூக்கிக்கொண்டு யாராவது சந்தைக்குப் போவார்களா? தெரியும். கேட்டதில்லை.

போன நவம்பரில் மால்ஜா போய்விட்டாள். சாவுக்கு வருகிறவர்களை வணங்க வீட்டு ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும். மகன் இல்லாத வீட்டில் மருமகன் நிற்பான். நான் என் தம்பி மகனைக் கூப்பிட்டு நிறுத்தினேன். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்த வால்தீரிடம் "நீ வெளிய நில்லு" என்றேன். அவன் வாசலில் போய் நின்றான். உன்சில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

அன்று எனக்கு வெட்கமாக இல்லை. இப்போது இருக்கிறது.

ஜூலை 19

பட்டறையில் எலித் தொல்லை. பாசிக் கட்டை அலமாரிக்குள் வைக்கலாம் என்றால் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. இரண்டாக மடித்தேன், முறுக்குபோல நொறுங்கியது. நான்காக மடித்துப் பெரிய பிஸ்கட் டின்னுக்குள் அடக்கி மூடிவிட்டேன். கச்சிதம்.

ஜூலை 27, ஞாயிறு

சபையில் ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அரிசிப் பலகாரக் கடை தொக்சுனிடம் பாசி சூப் எப்படி வைப்பது என்று மெதுவாகக் கேட்டேன். மால்ஜாவின் சிநேகிதி, வாய் நீளம்.

"பரவாயில்லையே, மக ஞாபகம் வந்துருச்சா? பாசிய எங்க வச்சிருக்கீங்கண்ணே?"

"பிஸ்கட் டின்ல. நாலா மடிச்சு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மடிச்சீங்களா? பிள்ள பெறப் போறவளுக்கு வாங்குன பாசிய யாராச்சும் மடிப்பாங்களா? கடைக்காரனே அத மடிக்காம நீட்டிக் கட்டித்தான் குடுப்பான். மடிச்சா பிரசவம் கஷ்டமாயிரும்ணே. இதுகூடத் தெரியாதா?"

"முப்பது வருஷமா துணி மடிச்ச கை. சும்மா இருக்குமா?" என்றான் எதிரே இருந்தவன். யாரும் சிரிக்கவில்லை.

"ஜெபம் பண்ற எடத்துல என்ன பேச்சு இது" என்று அதட்டிவிட்டு எழுந்து வந்தேன். அதட்டல்தான் பலமாக இருந்தது.

ஆகஸ்ட் 2

நம் தெருவில் எல்லாக் கொரியக் கடையிலும் கேட்டேன். நறுக்கிப் பாக்கெட் போட்டதுதான் இருக்கிறது. லிபெர்தாதேயில் ஜப்பான்காரர் கடைகளிலும் அதேதான். முழுசாக வேண்டும், மடிக்காதது வேண்டும் என்று கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பூசானுக்கு எழுதினால் வந்துசேர ஆறு வாரம்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. பிறகு எதற்கு அலைகிறேன்?

ஆகஸ்ட் 6

கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 10

உன்சில் வீட்டுக்கு போன் போட்டேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் வால்தீர் பேசினான். இத்தனை வருடத்தில் முதல்தடவை.

"ஐயா, நேத்து மத்தியானத்துலேர்ந்து வலி. இன்னும் பொறக்கல. ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. அவ சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

நான் என்ன சொன்னேன்? "சரி." அவ்வளவுதான். போனை வைத்த பிறகுதான் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதது தெரிந்தது.

இந்தக் கைதான். இந்தக் கைதான் மடிச்சது. ஒரு சுவத்துல ஆணி அடிச்சுத் தொங்கவிட்டிருக்கக் கூடாதா? எலி தின்னா தின்னுட்டுப் போகட்டும்னு விட்டிருக்கக் கூடாதா? ஆண்டவரே, பாசிய மடிச்சது நான். அவன வாசல்ல நிறுத்துனது நான். அவ என்ன பண்ணா? அவள விட்டுடுங்க.

மாலை 4 மணி — மறுபடி வால்தீர். பெண் குழந்தை. உன்சில் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் பெயரையும் எழுதிக்கொண்டேன். போனைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அவனுக்குக் கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 18

பட்டறைக்கு விடுமுறை. டின்னில் இருந்த பாசி முழுவதையும் தண்ணீரில் போட்டேன். அது ஊறி ஊறி வாளி நிறைந்து, தொட்டி நிறைந்து, தரைக்கு வந்துவிட்டது. தொக்சுன் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"என்னண்ணே, ஊருக்கே பிரசவமா?"

ஒரு கைப்பிடி போதுமாம். மிச்சத்தை மறுபடி கொடியில் காயப்போட்டோம். அவள் சொல்லச் சொல்ல நல்லெண்ணெயில் மாட்டிறைச்சியை வதக்கி, பாசியைப் போட்டுப் புரட்டி, தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். அறுபத்தோரு வயதில் முதன்முதலாக அடுப்படியில் நிற்கிறேன்.

"நான் மடிச்சதாலதானா?" என்று அவளைக் கேட்டேன்.

"எனக்கு மூணு பிரசவம். ஒருத்தரும் ஒண்ணையும் மடிக்கல. ரெண்டாவதுல செத்துப் பொழச்சேன். பேசாம கிண்டுங்க" என்றாள்.

சட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஆஸ்பத்திரி வாசலில் வால்தீரிடம் கொடுத்தேன். உள்ளே போகவில்லை.

ஆகஸ்ட் 21

உன்சில் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். பென்யா மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி ஒரு மேடு ஏற வேண்டும். வால்தீரின் அம்மா கதவைத் திறந்து "வாங்க, வந்து பிள்ளையப் பாருங்க" என்றாள்.

"எங்க வழக்கத்துல இருபத்தோரு நாளைக்கு வெளியாளுங்க உள்ள வரக்கூடாதும்மா" என்றேன் எனக்குத் தெரிந்த கடைப் பேச்சு போர்ச்சுகீசியத்தில். அவள் தோளைக் குலுக்கிவிட்டுச் சட்டியை வாங்கிக்கொண்டாள்.

வழக்கம் உண்மைதான். ஆனால் என்னைத் தடுப்பது வழக்கம் இல்லை. உள்ளே போனால் உன்சில் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 26

தினமும் ஒரு சட்டி. முந்தின நாள் சட்டி கழுவித் திரும்பி வருகிறது. உன்சிலிடமிருந்து ஒரு சொல் இல்லை. சாப்பிடுகிறாளா, கொட்டுகிறாளா? கேட்கப் பயம்.

உள்ளே குழந்தை அழுதது. வீட்டையே தூக்குகிற தொண்டை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வால்தீர் வாசலில் பைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள், அவனைப் பார்த்ததும் பாதி ஓடிவிட்டன.

"அன்னைக்குச் சாவுல உன் எடத்துல வேற ஆள நிறுத்துனேன். உன்ன வெளிய நிக்க வச்சேன். தப்பு பண்ணிட்டேன்."

கையைத் துணியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன் ஐயா," என்றான். "அந்தம்மா எனக்கும் சோறு போட்டவங்க. நானும் குனிஞ்சு கும்பிட்டிருப்பேன்."

நான் தலை குனிந்து வணங்கினேன். அவனுக்குத்தான். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டியை வாங்கிக்கொண்டு, "ரெண்டு வேளையும் இதத்தான் சாப்புடுறா. ஒரு சொட்டு விடுறதில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

செப்டம்பர் 1, திங்கள்

வெயில் அடித்தது. வால்தீரின் அம்மா வழக்கம்போல "உள்ள வாங்க" என்றாள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது, வெளியாளுங்க வரக்கூடாது என்று நானும் வழக்கம்போலச் சொன்னேன்.

உள் அறையிலிருந்து கொரிய மொழியில் ஒரு குரல் வந்தது. உரக்கப் பேசவில்லை. கோபமும் முழுக்கப் போயிருக்கவில்லை.

"வீட்டு ஆளுங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாதுப்பா."

வால்தீரின் அம்மாவுக்கு அது புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். சட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஷூவைக் கழற்றக் குனிந்தேன். நாடா முடிச்சு லேசில் அவிழவில்லை.