ஈர விறகு

இன்று காலை நுவரெலியாவில் நான் வேலை செய்யும் மனநல நிலையத்துக்கு ஒரு பெண் வந்தாள். தேயிலைக் கொழுந்தெடுக்கும் மலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டியிருந்த சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மழையில் நனைந்த சாக்கின் வாசம் அறை முழுக்கப் பரவியது. நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. அந்த வாசம் வந்தால் மட்டும் நான் இன்னும் உங்கள் பின்னால் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மனநலப் பயிற்சி முடித்து, ஒரு கட்டுப் படிவங்களோடு ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் வந்திறங்கினேன். என் பேச்சைக் கேட்டாலே சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கிவிடும் யுத்த காலம். பேர் எழுதிக்கொண்டு திரியும் யாழ்ப்பாணக்காரியைத் தோட்டத்து ஆட்களும் நம்பவில்லை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டிருந்த உங்களைத்தான் எனக்குத் துணையாகப் போட்டார்கள். இருவருக்கும் ஒரே வயது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சியும் கடைசிவரை உங்களுக்கு நான் 'மிஸ்'தான்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்தது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட லயங்களில். நீங்கள் எனக்குப் போட்ட ஒரே சட்டம், "நான் இல்லாம லயத்துக்குள்ள போயிறாதீங்க மிஸ்" என்பது. எனக்கு அது பிடிக்கவில்லை. படித்துவிட்டு வந்தவள் நான்தானே என்ற திமிர்.

கொழுந்தெடுக்கும் புஷ்பம் என்பவளின் கைக்குழந்தை காய்ச்சலில் போய் மூன்று மாதம் இருக்கும். கொழும்பில் கடையில் நின்ற புருஷன், குழந்தையின் சாவுக்கு வந்துவிட்டுப் போனவன், பிறகு எட்டிப் பார்க்கவில்லை. ஒரு பிற்பகல் உங்களுக்காகக் காத்திராமல் லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனேன். பயிற்சியில் சொல்லித்தந்தபடி கதவைச் சாத்தினேன். குரலைத் தாழ்த்தினேன். செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்டேன்.

"வருதுங்க மிஸ். தெனமும் வருது" என்றாள்.

படிவத்தில் குறித்துக்கொண்டேன். அவள் மனம் திறந்துவிட்டாள் என்று எனக்குப் பெருமை வேறு.

லயத்தில் பட்டப்பகலில் கதவைச் சாத்தினாலே பக்கத்துக் காம்பரா காதைத் தீட்டிக்கொள்ளும். தடுப்புச் சுவர் கூரைவரை எழும்பாது. ஒரு முனையில் முணுமுணுத்தால் தகரக் கூரைக்குக் கீழே மறுமுனைவரை போகும். அங்கே பிறந்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு தடவை மேலே நிமிர்ந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பொழுது சாய்வதற்குள் மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடித்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. "புள்ளையத் தின்னது பத்தாதுன்னு எங்க குடும்ப மானத்தையும் தின்னுறியா?" என்று மாமியார் வாசலில் நின்று கத்தினாளாம்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டார். "புஷ்பம்" என்றார். இன்னொரு தரம் கூப்பிட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"என்ர பிழை…" என்று தொடங்கினேன்.

"பெறகு அழுவலாம் மிஸ். மொதல்ல நடங்க."

விடியுமுன் அவள் போனதாக ஒருத்தி காட்டிய திசையில், கடைசித் தேயிலை மலையையும் தாண்டி ஆளுயர மானாப்புல் காட்டுக்கு ஏறினோம். மூடுபனியில் முன்னே போகும் உங்கள் முதுகுகூட மங்கலாகத்தான் தெரிந்தது. புஷ்பம் என்று கூப்பிட வாயெடுத்தேன். பொத்திவிட்டீர்கள்.

"பேரச் சொல்லாதீங்க. ஊரே தேடுதுன்னு நெனச்சா இன்னும் தூரம் போயிருவா."

பிறகு, சந்தையில் நிற்பவர் மாதிரி குரலை உயர்த்தினீர்கள். "மிஸ், அந்தப் பக்கம் வெறகு காஞ்சிருக்கா பாருங்க!"

உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று எனக்குக் கோபம் வந்தது. "பதில் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தீர்கள்.

"காய்ஞ்சுதான் கிடக்கு!" என்று கத்தினேன். குரல் உடைந்தது.

"கட்டு தேறுமா?"

"ரெண்டு கட்டு வரும்!"

இல்லாத விறகைப் பற்றி இப்படியே கத்திக்கொண்டு ஏறினோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இனி அவள் இல்லை என்று என் கால்கள் நின்றுவிட்டன. நீங்கள் நிற்கவில்லை. ஈர விறகு புகையும், காய்ந்ததாகப் பொறுக்குங்கள் என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போனீர்கள்.

அப்போது புல்லுக்குள்ளிருந்து, மிகப் பக்கத்தில், ஒரு குரல் வந்தது.

"அந்தப் பக்கமெல்லாம் ஈரந்தாங்க்கா. இங்கிட்டு வாங்க."

புஷ்பம், இடுப்பில் நனைந்த சாக்கோடு எழுந்து வந்தாள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மூவரும் விறகு பொறுக்கினோம். வாழ்நாளில் முதல்முறையாகத் தலையில் சுமை வைத்த நான் இரண்டு தரம் சறுக்கி விழுந்தேன். இரண்டாவது தரம் புஷ்பம் சிரித்துவிட்டாள். இறங்கும் வழியில், யாரும் கேட்காமலே, குழந்தையின் கடைசி நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கீழே கங்காணி முறைத்தபோது, "புள்ளைங்களுக்குப் பால் காய்ச்ச வெறகு இல்லீங்க, நாந்தான் கூட்டிட்டுப் போனேன்" என்று கண் இமைக்காமல் பொய் சொன்னீர்கள்.

அன்றிலிருந்து அவளை நாம் தனியே விடவில்லை. அடிக்கடி மூவரும் விறகுக்குப் போனோம். டாக்டரிடம் வர அவள் சம்மதித்ததும் அந்தப் பாதையில்தான். இப்போது கினிகத்தேனையில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். உங்கள் சாவு வீட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள்.

என் பிழையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் கையைப் பிடித்திருந்தபோதும் சொல்ல வாய் வரவில்லை, சாப்பாடு பிடிக்கிறதா என்றுதான் கேட்டேன். இப்போது எழுதுகிறேன். அது என் பிழை. உங்கள் சொல்லைக் கேட்டிருந்தால் அந்தக் காலை வந்திருக்காது.

இன்றைய பெண் சாக்கின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். மேசையில் படிவம் கிடந்தது. இது எனக்குப் புதிதாகத் தந்த அறை. அன்று தொற்றிய பழக்கத்தில் மேலே பார்த்தேன். நடுவில் அடித்த பலகை கூரைக்கு இரண்டு முழம் கீழேயே நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

பேனாவை மூடிவிட்டு, "வாங்கோ, வெளியில கொஞ்சம் நடப்பம்" என்றேன். மழை விட்டிருந்தது. மரக்கறிச் சந்தையைத் தாண்டி மேட்டில் ஏறினோம். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"உங்கட பக்கம் விறகெல்லாம் ஈரமோ?" என்று கேட்டேன். அவள் பின்னாலேயே ஏறி வந்தாள். உங்களைப் போல நானும் நிற்கவில்லை.