அண்ணன் போட்ட சதை

மார்ச் 3
நடன மாஸ்டருக்கான பாட்டு முடிந்தது. திரும்பத் திரும்ப ஓடும் மூன்று டிரம் லூப்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் காது அடைத்துப்போனது. மூன்றும் அடியில் 'தும் தும்' என்று ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருந்தன. ஒலியின் அடி, நடு, மேல் பாகங்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து, பெரிய டிரம்முக்கு மட்டும் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் பேஸை, அந்த அடிச் சத்தத்தை, வெட்டினேன். ஒன்று நடுவில் கைதட்டலாகவும், இன்னொன்று மேலே சலசலப்பாகவும் ஒதுங்கிக்கொண்டன. பிடித்துவிட்டால் முழு நிகழ்ச்சிக்கும் நான்தான் இசை என்றிருக்கிறார் மாஸ்டர். நான். அண்ணன் இல்லை.

மார்ச் 4
பாட்டை அண்ணனே மாஸ்டருக்கு அனுப்பிவிட்டான். எனக்கு ஒரு வேலை மிச்சம்.

மார்ச் 6
ஒத்திகைக் கூடத்தில் பாட்டைப் போட்டார்கள். ஒரே கொழகொழப்பு! ஆடியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

"காலை எங்கம்மா வைக்கிறது? தாளமே கேக்கலையே" என்றார் மாஸ்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "தங்கச்சி பண்ணது சார். இப்பதான் கத்துக்கிட்டிருக்கா."

கத்துக்கிட்டிருக்கேனா? அவன் பேர்ல போன பாட்டெல்லாம் யாரு பண்ணது?

வீட்டுக்கு வந்து அவன் அனுப்பிய பாட்டைத் திறந்து பார்த்தேன். நான் வெட்டிய பேஸ் எல்லாம் திரும்ப ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"தனித்தனியா போட்டுக் கேட்டேன் பாப்பா. ரெண்டும் ஒல்லியா இருந்துச்சு, கொஞ்சம் சதை போட்டேன்" என்றான் அண்ணன்.

"தனியா கேட்டா ஒல்லியாதான்டா இருக்கும்! தனியா கேக்கவா பண்ணேன்?"

உள்ளேயிருந்து அம்மா: "அண்ணன்கிட்ட குரலை உசத்தாதடி."

அவன் என் பாட்டில் கை வைக்கலாம், நான் குரலை உயர்த்தக்கூடாது. நல்ல நியாயம்.

மார்ச் 7
சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 9
அவனிடம் சொல்லாமல் அண்ணன் கை வைக்காத, என்னிடமிருந்த பழைய பிரதியோடு கூடத்துக்குப் போனேன். பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, உட்கார்ந்திருந்த மாஸ்டரின் கால் தாளம் போடத் தொடங்கியது.

"அப்போ அன்னைக்கு வந்தது?"

"அண்ணன் கை வச்சது" என்றேன். காட்டிக்கொடுத்தேனா? கொடுத்தேன். இருக்கட்டும்.

மார்ச் 20
மாஸ்டர் சொன்னபடி முழு நிகழ்ச்சிக்கும் நான்தான் இசை; நான்காவது பாட்டில் இருக்கிறேன். அண்ணன் வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல ஒரு லூப்பை மட்டும் தனியாகப் போட்டான். கை ஈக்வலைசர் பக்கம் போனது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் கை பாதியில் நின்றது.

"பாப்பா, இது ஒல்லியா இருக்கே... வேணும்னேதான் வச்சிருக்கியா?"

"ஆமா."

கையை எடுத்துவிட்டான். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் ஹெட்ஃபோனைக் கழற்றச் சொல்லி, மூன்று லூப்களையும் சேர்த்து ஸ்பீக்கரில் போட்டேன்.