இன்வெர்ட்டரை இருபத்திநாலுலயே விடுங்க

என்னங்க, கடை திறக்கக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கு, சூடு பண்ணிக்கோங்க. என்மேல இருக்கிற கோபத்துல பட்டினி கிடக்காதீங்க.

பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினா இன்வெர்ட்டர் நிக்கணும்ங்கறத நேத்து இருபத்தொண்ணுக்குக் குறைச்சீங்களே, நான் மறுபடியும் இருபத்திநாலுலயே வச்சிட்டேன். மேட்ச் முடியறவரைக்கும் டிவி ஓடணும்னு ஒட்ட உறிஞ்சினா, பேட்டரி சீக்கிரமே மண்டையைப் போட்டுடும். சோலாரை விட்டா நமக்கு வேற கரண்டு ஏது? "உனக்கென்ன தெரியும்"னு கத்தினீங்க. இன்னும் கத்துங்க, ஆனா அதைத் தொடாதீங்க.

இடமில்ல, ஓரத்துல எழுதறேன்: பேட்டரிக்காக மட்டும் இல்லீங்க. முந்தாநாள் டிவி பாதியில அணைஞ்சப்பதான், வாசப்படியில என் பக்கத்துல வந்து உக்காந்து, ரொம்ப நாள் கழிச்சு மனசுவிட்டுப் பேசினீங்க.