இருபத்து நான்கு மணி நேரம் காயவிடவும்

அன்புள்ள அண்ணா,

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "பெயிண்ட் போனாப் போகட்டும்பா, மாட்டுங்க." தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை.

நீ இங்கே இருந்த பதினோரு நாளும் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். கரண்ட் போனது, ஜெனரேட்டரை உடனே ஓட்ட முடியவில்லை என்றோம். அது பாதிதான். மீதியை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல் எழுதுகிறேன்.

அம்மாவின் ஆக்சிஜன் மெஷினுக்காக நீ வாங்கித் தந்த ஜெனரேட்டரில் ஒரு குறையும் இல்லை. அதன் சைலன்சர்தான் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் நீ வருகிறாய் என்றதும் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பையன் ஆசையா வாங்கிக் குடுத்ததை இப்படியா வெச்சிருக்கீங்கன்னு கேக்க மாட்டானா?" என்றார். அம்மா மூக்கில் குழாயோடு, "எனக்கும் ஒரு கோட்டிங் அடிச்சு விடுங்க. என்னையும்தான் பார்க்க வர்றான்" என்றாள். சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் அப்பா சைலன்சரைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்டை அடித்தார். டப்பாவின் பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான்தான் படித்துக் காட்டினேன். இருபத்து நான்கு மணி நேரம் காயவிடவும். பிறகு பத்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி இருபது நிமிடம் ஓட்டவும். அதற்கு முன் சூடேறினால் உரிந்துவிடும். அச்சில் இருப்பதை நான் எப்படி நம்புவேன் என்று உனக்குத் தெரியும். "ஈரத்தோட மாட்டிடாதீங்கப்பா" என்று வேறு சொல்லிவைத்தேன்.

நாலு மணிக்குக் கரண்ட் போனது. அம்மாவின் குழாயைச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றினேன். அதில் கால் மணி நேரத்துக்குத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் கரண்ட் பத்து நிமிடத்துக்கு மேல் போனதில்லை. சைலன்சர் இல்லாமல் ஓட்டினால் பெட்ரோல் டேங்க் பக்கம் நெருப்பு அடிக்கும். அப்பா ஈரமான சைலன்சரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வந்துடும்ல?" என்றார். "வந்துடும்பா" என்றேன்.

பதின்மூன்றாவது நிமிடம் அவர் சைலன்சரை மாட்டப் போல்ட்டைக் கையில் எடுத்தார். அது கை நழுவி வாஷிங் மெஷினுக்கு அடியில் உருண்டுவிட்டது. இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். உள்ளே அம்மா சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. போல்ட் கிடைத்தபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது.

தன் பெயிண்ட் பைத்தியம்தான் அம்மாவைக் கொன்றது என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் என்ன சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. நீ போன் செய்து, "தப்பு தங்கச்சி மேலதான்பா" என்று சொல். உன் வாயால் வந்தால் நம்புவார். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு அண்ணா, கொஞ்சமாவது தூங்கு.

மறுநாள் நாலு மணிக்கு, நீ விமானத்தில் வந்துகொண்டிருந்தபோது, அப்பா சைலன்சரை மாட்டினார். பத்து நிமிடம் ஓட்டினார். ஆறவிட்டார். மறுபடி இருபது நிமிடம் ஓட்டினார். பெயிண்ட் எங்கேயும் உரியவில்லை.

உன்
தங்கை